பட்டறைப் பக்கம்: மிக் வெல்டிங்கில் வயர் ஏன் திக்குகிறது?

பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்று சொல்லப்படும் மிக் வெல்டிங், இப்போது சிங்கிள் பேஸில் ஓடும் சின்னப் பெட்டியாக வீட்டுக்கே வந்துவிட்டது. அப்படி வாங்கி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இந்த மெஷினில் ரோலிலுள்ள வயரை ரோலர் தள்ளும். அது டார்ச் கேபிளுக்குள் இருக்கும் லைனர் என்ற குழாய் வழியே போய், டார்ச் முனையில் டிப் என்ற துளையிட்ட செம்பு முனை வழியாக வெளியே வந்து உருகும். கூடவே வரும் சிஓடூ போன்ற கேஸ், உருகிய இரும்பில் காற்றுப் படாமல் காக்கும். பாதிக் கேள்விகளுக்கு விடை வயர் ரோலுக்கும் டிப்புக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அதனால் அந்தப் பகுதி சற்று நீளும்.

கேள்வி (பல்லடம்): வீட்டு கார் ஷெட்டில் 200 ஆம்பியர் மிக் மெஷின் வைக்க நினைக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், சதுர பைப் வேலைதான். ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் போதுமா?

பதில்: வேலைக்கு எவ்வளவு ஆம்பியர் வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 100 ஆம்பியரில் வெல்டிங் ஓடும்போது இந்த ரக இன்வெர்ட்டர் மெஷின் லைனிலிருந்து ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். 160 வைத்தால் 27 பக்கம் போகும். முழு 200 வைத்தால் 35ஐத் தாண்டும். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் மெல்லிய பைப் வேலை ஒப்பேறும். 3 மிமீ ஆங்கிளுக்குப் போனாலே பிளக் பின் சூடேறிக் கருக ஆரம்பிக்கும்.

மெயின் போர்டிலிருந்து தனி லைனாக 4 சதுர மிமீ காப்பர் வயர் இழுத்து, 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் சி கர்வ் எம்சிபியும் (மெஷின் தொடங்கும்போது வரும் இழுப்பைத் தாங்கும் ரக டிரிப் சுவிட்ச்) போடுங்கள். லைனின் நீளம், அது போகும் விதம் இவற்றைப் பார்த்து, 4 போதுமா 6 வேண்டுமா என்பதை எலக்ட்ரீஷியன் முடிவு செய்யட்டும். எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணில் புதைத்த எர்த் பிட்டுக்குப் போகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும், வீட்டு இணைப்பில் வெல்டிங் மெஷின் ஓட்டலாமா என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எக்ஸ்டென்ஷன் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. 1.5 சதுர மிமீ கம்பியில் 30 மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் ஓட்டினால் வழியிலேயே 14 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சாயங்காலம் ஏற்கெனவே 195 வோல்ட் வரும் ஊரில் இது மெஷினை மயக்கம் போட வைக்கும். 4 சதுர மிமீ கம்பியானால் அதே தூரத்துக்கு இழப்பு 6 வோல்ட்டுக்குள் நிற்கும்.

கேள்வி (நாமக்கல்): மெஷின் வந்து இறங்கிவிட்டது. வயர் ஏற்றும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: சாதாரண இரும்பு வேலைக்கு ஈஆர்70எஸ்-6 என்ற செம்புப் பூச்சு வயர், 0.8 மிமீ. 1 கிலோ ரோல் விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். சின்ன ரோலில் வயர் நெருக்கமாகச் சுருண்டிருக்கும். அந்த வளைவு டார்ச் முழுக்க உரசிக்கொண்டே போய் டிப்பைச் சீக்கிரம் தேய்க்கும். மெஷினில் இடம் இருந்தால் 5 கிலோ ரோல் போடுங்கள். அதில் சுமார் 1,260 மீட்டர் வயர் இருக்கும்.

ஏற்றும் முன் மூன்று அளவுகள் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ரோலரின் பள்ளம், லைனர், டிப் மூன்றும் 0.8 வயருக்கானவையாக இருக்க வேண்டும். ரோலரில் பெரும்பாலும் இரண்டு பள்ளங்கள் இருக்கும், 0.6/0.8 அல்லது 0.8/1.0 என்று. பக்கத்தில் பொறித்த எண்ணை மட்டும் நம்பாமல், வயர் நுழையும் குழாய்க்கு நேராக நிற்பது எந்தப் பள்ளம் என்று கண்ணால் பாருங்கள். புது மெஷினிலேயே 1.0 பள்ளம் நேராக நிற்பது சகஜம். அதில் 0.8 வயர் வழுக்கிக்கொண்டே இருக்கும். லைனரில் நீல நிறம் 0.6 முதல் 0.9 வரைக்கும், சிவப்பு 1.0 முதல் 1.2 வரைக்கும்.

ரோலை மாட்டி, வயர் நுனியை அவிழ்க்கும்போது கையை விடாதீர்கள். விட்டால் ரோல் முழுக்க ஸ்பிரிங் போலத் தெறித்து அவிழும், அதன் பிறகு அந்த ரோல் பழைய இரும்புக் கடைக்குத்தான். வளைந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, அரையடி நேராக்கி, நுனியின் பிசிறை அரத்தால் மழுக்குங்கள். பிசிறோடு உள்ளே போனால் லைனரின் உள்சுவரைக் கீறிக்கொண்டே போகும். டார்ச்சைத் தரையில் நேராக நீட்டி வையுங்கள். டிப்பைக் கழற்றிவிட்டு வயரை ஓட்டுங்கள். முனையில் வயர் வந்தபின் டிப்பை அதில் கோத்து முடுக்குங்கள்.

கடைசியாகப் போலாரிட்டி, அதாவது எது பிளஸ், எது மைனஸ் என்பது. கேஸோடு ஓடும் இந்த வயருக்கு டார்ச் பிளஸ், வேலைப் பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்ப் மைனஸ். கேஸ் இல்லாமல் ஓடும், உள்ளே மருந்து நிரம்பிய வயருக்கு இது தலைகீழ்.

கேள்வி (சிவகாசி): வயர் விட்டு விட்டு வருகிறது. ரோலர் பிரஷரை முடிந்த மட்டும் இறுக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் சரியாக ஓடி, மறுபடியும் திக்குகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இறுக்கியதும் கொஞ்ச நேரம் சரியானது என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. வழியில் எங்கோ வயர் உரசுகிறது. ரோலரை இறுக்குவதால் அந்த உரசல் போகாது. வயர் நசுங்கும், செம்புப் பூச்சு உதிரும், அந்தத் தூள் லைனரில் சேரும், உரசல் இன்னும் கூடும்.

முதலில் இது வயர் கோளாறுதானா என்று உறுதி செய்யுங்கள். எர்த் கிளாம்பைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷினில் வயரை மட்டும் ஓட்டும் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் டார்ச்சை எந்த இரும்பிலும் படாமல் பிடித்து டிரிகரை அழுத்துங்கள். வயர் சீராக வந்தால் வயரைத் தள்ளும் ஃபீடரில் குற்றமில்லை. துருவின் மேல் கடித்த எர்த் கிளாம்ப், லூசான டிப், டார்ச் கனெக்டர் இவையும் ஆர்க்கை (வயர் நுனியில் எரியும் மின்சுடரை) விட்டு விட்டு எரியச் செய்யும், பார்ப்பதற்கு வயர் திக்குவது போலவே இருக்கும்.

வெறுமனே ஓட்டும்போதும் திக்கினால், டிப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சரியாகிவிட்டதா? குற்றவாளி டிப். புது டிப் போடுங்கள், பழையதை ஊசி விட்டுக் குடைந்து பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். சின்ன மெஷின்களில் வரும் 15ஏகே ரக டார்ச்சின் எம்6 மரை டிப் தேநீர்ச் செலவுக்குக் கிடைக்கிற பொருள்.

டிப் இல்லாமலும் திக்கினால் ரோலரின் பிரஷர் கையை மேலே தூக்கிவிட்டு, டார்ச் முனையில் வயரைக் கையால் இழுத்துப் பாருங்கள். டார்ச் நேராகக் கிடக்கும்போது இரண்டு விரலில் இழுக்க வர வேண்டும். கனமாக இருந்தால், ரோலருக்குப் பின்பக்கம் ரோல் பக்கமாக வயரை வெட்டிவிட்டு மீண்டும் இழுங்கள். இப்போது லேசாக வந்தால் கோளாறு ரோலின் பிரேக்கில் இருக்கிறது, அல்லது ரோலிலேயே வயர் ஒன்றுக்கடியில் ஒன்று மாட்டியிருக்கிறது. பிரேக் நட்டைத் தளர்த்துங்கள். டிரிகரை விட்டதும் ரோல் கால் சுற்றுக்குள் நின்றால் போதும். வெட்டிய பிறகும் கனமாக வந்தால் லைனர்தான்.

லைனருக்குள் தூள் சேர்ந்திருந்தால் டார்ச்சை மெஷினிலிருந்து கழற்றி, டிப்பையும் எடுத்துவிட்டு, கம்ப்ரஸர் காற்றை மெஷின் பக்கமிருந்து அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், வெளியே வருவது செம்பும் இரும்பும். ஒவ்வொரு ரோல் மாற்றும்போதும் இதைச் செய்தால் லைனர் நெடுநாள் உழைக்கும். எண்ணெய் மட்டும் விட வேண்டாம். தூளோடு சேர்ந்து பசையாகிவிடும், வெல்டிங்கிலும் ஓட்டை விழும்.

லைனர் மாற்றுவதானால் நீளத்தில் கவனம். டார்ச்சை நேராக நீட்டி வைத்து லைனரைச் செருகி, டிப் ஹோல்டரின் அடியைத் தொடும் அளவுக்கு வெட்ட வேண்டும். 5 மிமீ குட்டையானாலும் அந்த இடைவெளியில் வயர் முறுக்கிக்கொள்ளும். வெட்டிய வாயில் பிசிறு இருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள். வேலை செய்யும்போது டார்ச் கேபிளை ஒன்றரை அடி வட்டத்துக்கும் குறுகலாகச் சுருட்டி வைக்காதீர்கள். பல வீடுகளில் லைனர் நன்றாகவே இருக்கும், கேபிள்தான் ஸ்டூல் காலைச் சுற்றிக் கிடக்கும்.

எல்லாம் சரியான பிறகு பிரஷரை முழுவதும் தளர்த்திவிட்டுப் புதிதாக வையுங்கள். மரப்பலகையிலிருந்து 5 செமீ தள்ளி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வயரை ஓட்டுங்கள். வயர் பலகையில் முட்டி நின்று ரோலர் வழுக்கினால் பிரஷர் குறைவு. வழுக்காமல் வயர் வளைந்து வெளியேறத் தொடங்கும் இடத்திலிருந்து அரைச் சுற்று கூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி (ஓசூர்): ரோலருக்கும் டார்ச்சுக்கும் நடுவில் வயர் சிக்கு விழுந்து நூல்கண்டாகிவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை இதே வேலை.

பதில்: முன்னால் வயர் அடைபட்டு, பின்னால் ரோலர் தள்ளிக்கொண்டே இருந்தால் வயர் போக இடம் தேடும். டிப் அடைப்பு, நீளம் குறைந்த லைனர், அளவுக்கு மீறிய பிரஷர் என்று மேலே சொன்ன காரணங்கள் இதற்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்றைப் பாருங்கள்: ரோலருக்கும் டார்ச் நுழைவாய்க்கும் இடையிலுள்ள வழிகாட்டிக் குழாய். அதைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோயிருந்தாலோ, அதன் வாய் ரோலரிலிருந்து தள்ளி இருந்தாலோ வயருக்குப் பக்கவாட்டில் வளைய இடம் கிடைத்துவிடும். ரோலரை உரசாமல் எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள்.

சரியான பிரஷரில் இருந்தால், டிப் அடைத்தாலும் ரோலர் வழுக்கும், சிக்கு விழாது. சிக்கு விழுகிறது என்றாலே பிரஷர் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (திண்டுக்கல்): வயர் டிப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாளில் நாலைந்து டிப் போகிறது.

பதில்: வயர் வருவதைவிட வேகமாக எரிகிறது என்று அர்த்தம். வயர் ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது வோல்ட்டைக் குறையுங்கள். டிப்பிலிருந்து வேலைப் பொருளுக்கு 10 முதல் 12 மிமீ தூரம் இருக்கட்டும். புதிதாகப் பழகுபவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று டார்ச்சை நெருக்கிக்கொண்டே போவார்கள், அதில் போகும் டிப்தான் அதிகம். தெரியவில்லையென்றால் ஹெல்மெட்டின் ஷேடை (கண்ணாடியின் கருமை எண்ணை) குறைத்துப் பாருங்கள். 100 ஆம்பியருக்கு ஷேடு 10 போதும், 13 வைத்தால் இருட்டில்தான் தடவ வேண்டும்.

மெஷினில் பர்ன்பேக் என்று ஒரு திருகு இருந்தால், டிரிகரை விட்ட பின்னும் ஆர்க் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. வெல்டிங்கை நிறுத்தும்போது மட்டும் ஒட்டுகிறது என்றால் அதைக் குறையுங்கள். ஓடும்போதே ஒட்டுகிறது என்றால் மேலே சிவகாசி வாசகருக்குச் சொன்ன வரிசையில் போங்கள்.

கேள்வி (விருத்தாசலம்): 16 கேஜ் சதுர பைப்புக்கு எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட்? என் மெஷினில் வயர் ஸ்பீடுக்கு 1 முதல் 10 வரை எண்கள்தான் இருக்கின்றன.

பதில்: 1 மிமீ கனத்துக்கு 40 ஆம்பியர் என்று தொடங்குங்கள். 16 கேஜ் 1.6 மிமீ, ஆகவே 64. வோல்ட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: ஆம்பியரை 0.05ஆல் பெருக்கி 14ஐக் கூட்ட வேண்டும். 64க்கு 17.2 வோல்ட் வரும். சுத்தமான சிஓடூ கேஸானால் இன்னும் ஒரு வோல்ட் கூட்டிப் பாருங்கள்.

மிக் மெஷினில் ஆம்பியரைத் தீர்மானிப்பது வயர் ஸ்பீடுதான். 0.8 வயருக்கு 100 ஆம்பியர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5 மீட்டர். 64க்கு 3.2 மீட்டர். எண்ணைப் பார்க்காதீர்கள், வயரை அளந்து பாருங்கள். 6 விநாடி ஓட்டி, வெளியே வந்த வயரை அளந்து பத்தால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. 32 செமீ வந்தால் நீங்கள் கேட்ட இடம். அந்த எண்ணை மெஷின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

பிறகு காது. கடுகு வெடிப்பது போலச் சீராகப் படபடத்தால் சரி. வயர் டார்ச்சைப் பின்னால் தள்ளி உதைத்தால் ஸ்பீடு அதிகம். நுனியில் பெரிய உருண்டை கட்டி விழுந்தால் வோல்ட் அதிகம்.

கேள்வி (தூத்துக்குடி): மெஷினிலேயே ரோலை விட்டு வைத்தால் இரண்டு வாரத்தில் வயர் கறுத்துத் துருப்பிடித்துவிடுகிறது. அதையே ஓட்டலாமா?

பதில்: மேல் சுற்றில் மட்டும் என்றால் அந்தச் சுற்றை உருவி எறிந்துவிட்டு மிச்சத்தை ஓட்டலாம். நகத்தால் சுரண்டினால் தூள் வருகிற வயர் என்றால் வேண்டாம். அது லைனரையும் டிப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும், ரோலின் விலையைவிட அது செலவு.

கடற்கரை ஊரில் வேலை முடிந்ததும் ரோலைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிடுங்கள். அவிழாமலிருக்க நுனியை ரோலின் ஓரத் துளையில் வளைத்து மாட்டிய பிறகே எடுங்கள். ரோலருக்கு முன்னால் வயரில் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டைத் துணிக் கிளிப்பால் கவ்வி வைப்பதும் உதவும். தூளும் தூசியும் உள்ளே போகாமல் அதிலேயே நிற்கும். அது கறுத்ததும் மாற்றுங்கள்.

கேள்வி (வேலூர்): சிஓடூ சிலிண்டரில் மீட்டர் முள் நன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று காலி. மீட்டர் கோளாறா?

பதில்: இல்லை. சிஓடூ சிலிண்டரில் பெரும்பகுதி திரவமாக இருக்கும். திரவம் தீரும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்து அப்படியே நிற்கும், 20 டிகிரியில் 57 பார் அளவில். கடைசித் துளி திரவமும் போன பிறகே முள் இறங்கும், அப்போது மிச்சம் கொஞ்சம்தான். உங்கள் ஊர் மே மாத வெயிலில் 31 டிகிரியைத் தாண்டினால் திரவம் வாயு என்ற பிரிவே இருக்காது, முள் இன்னும் மேலே ஏறி ஏமாற்றும்.

சிலிண்டரை எடை போடுங்கள். காலி எடை அதன் கழுத்துப் பக்கம் பொறிக்கப்பட்டிருக்கும், அதைக் கழித்தால் கேஸ். 1 கிலோ கேஸ் ஏறக்குறைய 550 லிட்டராக விரியும், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டினால் 55 நிமிடம். 1 கிலோ 0.8 வயரும் 5 மீட்டர் ஸ்பீடில் 50 நிமிடம்தான் வரும் என்பதால், ஒரு கிலோ வயருக்கு ஒரு கிலோ கேஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். படுத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகும். நெடுநேரம் ஓட்டும்போது ரெகுலேட்டரில் பனி படிந்தால் ஹீட்டர் உள்ள ரெகுலேட்டர் தேவை, கேஸ் அடுப்புச் சுடரைக் காட்டுவது ஆபத்து. ஆர்கானும் சிஓடூவும் கலந்த கேஸுக்கு மாறினால் பொறி வெகுவாகக் குறையும், செலவு கூடும். சிலிண்டர் வால்வின் மரை வேறு என்பதால் பழைய ரெகுலேட்டரைப் பலவந்தமாக முடுக்காதீர்கள்.

கேள்வி (கம்பம்): கேஸ் இல்லாத வயர் போட்டேன். ஒரே பொறி, வெல்டிங் முழுக்கத் துளை. வயரும் சில இடங்களில் நசுங்கி வருகிறது.

பதில்: இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் போலாரிட்டி கம்பியை மாற்றாமல் விட்டிருப்பீர்கள், இந்த வயருக்கு டார்ச் மைனஸ். நசுங்குவது, வயர் உள்ளே மருந்து நிரம்பிய மெல்லிய குழாய் என்பதால். வி பள்ளத்தில் இறுக்கினால் குழாய் மடிந்துவிடும். ரம்பப் பல் வெட்டிய ரோலர் போட்டு, பிரஷரைக் கம்மியாக வையுங்கள். டிப்பிலிருந்து தூரம் 15 மிமீ வரை விடலாம். வயலில், மொட்டை மாடியில், காற்றடிக்கும் இடத்தில் இந்த வயர் கைகொடுக்கும். ஷெட்டுக்குள் மெல்லிய பைப்புக்குக் கேஸ் வயர்தான் எங்கள் தேர்வு.

கேள்வி (அரக்கோணம்): ஜிஐ பைப் வெல்டிங் செய்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: அது துத்தநாகப் புகைக் காய்ச்சல், ஜிஐ பைப்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையால் வருவது. பாலோ வாழைப்பழமோ வெல்லமோ அதைத் தடுக்காது. மூட்டின் இருபக்கமும் ஓர் அங்குலம் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், புகை முகத்துக்கு வராமல் விலகிப் போகும்படி காற்றோட்டம் வைத்துக்கொள்ளுங்கள், வெல்டிங் புகைக்கான முகமூடி போடுங்கள். துணிக் கைக்குட்டை எதையும் வடிகட்டாது. வழக்கமாக ஓரிரு நாளில் தானே போய்விடும். மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி (ஈரோடு): இதே மெஷினில் அலுமினிய ஏணியை ஒட்ட முடியுமா?

பதில்: சுத்த ஆர்கான், டெஃப்லான் லைனர், யு பள்ளம் உள்ள ரோலர், 1.0 மிமீ ஈஆர்5356 அலுமினிய வயர், அலுமினியத்துக்கான டிப் இவ்வளவும் வாங்கினால் முடியும், அதுவும் டார்ச் 3 மீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால். அலுமினிய வயர் மெத்தென்று இருப்பதால் சிறிய தடை பட்டாலும் சிக்கு விழும். ஒரு ஏணிக்காக இவ்வளவு வேண்டாம். தவிர, ஆள் ஏறி நிற்கும் பொருள் அது. டிக் வெல்டிங் (ஆர்கானில், கையால் கம்பி கொடுத்து ஒட்டும் முறை) தெரிந்த பட்டறையில் கொடுங்கள். கால்களில் விரிசல் விட்டிருந்தால் அவர்களே புது ஏணி வாங்கச் சொல்லக்கூடும்.